மில்லு, சூளைன்னு மீட்டு வந்தவங்களுக்கு கவுன்சிலிங் பண்றது எப்படி

திருப்பூர், பல்லடம், பெருந்துறை பக்கம் மீட்டவங்களத் தங்க வெக்கற ஹோம்லயோ, ஒன் ஸ்டாப் சென்டர்லயோ (வன்முறைக்கு ஆளான பொண்ணுங்களுக்கு அரசு நடத்தற உதவி மையம்) புதுசா வேலைக்குச் சேர்ந்தவங்களுக்காக இத எழுதறனுங்க. சைக்காலஜி முடிச்சிட்டு வர்ற புள்ளைங்களுக்கு பிடிஎஸ்டி (பெரிய அதிர்ச்சிக்கப்புறம் வர்ற மனப் பாதிப்பு) பத்தியெல்லாம் நல்லாவே தெரியுது, ஆனா நடுராத்திரி மில்லு ஹாஸ்டல்ல இருந்து மீட்டுட்டு வந்த பொண்ணு எதிர்ல உக்காந்து செவுத்தையே பாத்துட்டு இருந்தா என்ன பேசறதுன்னு தெரியாம, ஃபாரத்த எடுத்து வெச்சு "என்னம்மா நடந்துச்சு, சொல்லு"ன்னு ஆரம்பிச்சுடறாங்க. அத மட்டும் பண்ணாதீங்க. உங்ககிட்ட வர்றதுக்குள்ள அவ போலீஸ்ல, ஆர்டிஓ (வருவாய்க் கோட்டாட்சியர்) கிட்ட, டாக்டர்கிட்ட, சின்னப் பொண்ணா இருந்தா குழந்தைகள் நலக் குழு முன்னாடின்னு அதே கதையச் சொல்லிச் சொல்லி ஓஞ்சு போய்த்தான் வந்திருப்பா.

நம்ம பக்கம் ஆள் கடத்தல்னா வேன்ல தூக்கிட்டுப் போறது கொறவுங்க, முக்காவாசி அட்வான்ஸ்லயும் பேச்சுலயுந்தான் நடக்குது. சுமங்கலித் திட்டம்னு ஒன்னு ஓடுச்சே, மூணு வருசம் ஹாஸ்டல்ல தங்கி நூல் மில்லுல ஓட்டுனா கடைசில 30 ஆயிரம், 50 ஆயிரம்னு கல்யாணத்துக்கு மொத்தமாத் தர்றோம்னு தெக்கத்திப் பக்கமிருந்து புரோக்கர் கூட்டிட்டு வருவான், பாதில கெளம்புனா மொத்தப் பணமும் போச்சு. பேர மாத்தி மாத்தி இன்னும் எங்கியாச்சும் ஓடிட்டுத்தான் இருக்குது. அங்க வெளிய போகோணும்னா வார்டன கேக்கோணும், போன் பேசோணும்னா ஸ்பீக்கர்ல போட்டுப் பேசோணும், ஒடம்புக்கு முடியலைன்னாலும் சூப்பர்வைசர் சொன்னாத்தான் லீவு. சூளைலயும் விசைத்தறிலயும் குடும்பமே அட்வான்ஸ்ல மாட்டியிருக்கும். இப்படி வருசக்கணக்கா எதையுமே தானா முடிவு பண்ணாம இருந்த ஆளுக்கு, முடிவெடுக்கற பழக்கத்தத் திருப்பிக் குடுக்கறதுதாங்க கவுன்சிலிங்ல மொத வேலை, மத்த டெக்னிக் எல்லாம் அதுக்கப்புறந்தான்.

அத ரூம்ல இருந்தே ஆரம்பிக்கலாம். கதவத் தாப்பா போடறதா, சாத்தி மட்டும் வெக்கறதான்னு அவள கேளுங்க. கதவு தெரியற மாதிரி சேர அவளுக்கு விட்டுட்டு நீங்க வழிய மறிக்காம தள்ளி உக்காருங்க. "டீ வேணுமா, பால் வேணுமா"ன்னு கேட்டா பெரும்பாலும் "உங்க இஷ்டங்க்கா"ன்னுதான் வரும், அப்ப நீங்களா ஒன்ன ஆர்டர் பண்ணிடாதீங்க, "எனக்கு ரெண்டும் ஒன்னுதான் கண்ணு, மெதுவா சொல்லு"ன்னு சும்மா இருங்க. ரெண்டு நிமிசம் ஆகும், மூணு நிமிசங்கூட ஆகும், உங்களுக்குத்தான் சங்கடமா இருக்கும், இருக்கட்டும். "பால்... சக்கரை கம்மியா"ன்னு ஒரு நாள் அவளா சொன்னான்னா அத நோட்ல எழுதி வெச்சுக்கோங்க. இன்னொன்னு, ஹோம்ல சாப்பாட்டுக்கு அடிக்கற பெல்லு ஷிப்ட் சங்கு மாதிரி இருந்தா மொதல்ல அத மாத்துங்க, அந்தச் சத்தத்துக்கே தூக்கிவாரிப் போட்டு எந்திரிக்கறவங்க இருக்காங்க.

மொத ஒரு வாரம் பத்து நாள் பெருசா ஒன்னும் தோண்ட வேண்டாமுங்க. தூக்கம், சோறு, மாத்துத் துணி, நாப்கின், ஊட்டுக்கு ஒரு போன், வர வேண்டிய சம்பளம் என்னாச்சுங்கற கேள்வி, இதுதான் அவ மண்டைல ஓடும். உலக சுகாதார நிறுவனம் 2011ல போட்ட மனநல முதலுதவி வழிகாட்டியும் இதத்தான் சொல்லுது: பாரு, கேளு, சேத்து விடு. எல்லாத்தையும் ஒரே நாள்ல கொட்டி அழுதுட்டா மனசு லேசாயிடும்ங்கற நெனப்பு தப்புங்க, அப்படி வற்புறுத்திப் பேச வெக்கறது வேண்டாம்னே சொல்லிட்டாங்க. ஒரு மாசத்துக்குள்ள பிடிஎஸ்டின்னு ஃபைல்ல எழுதவும் எழுதாதீங்க, அறிகுறி ஒரு மாசத்தத் தாண்டுனாத்தான் அந்தப் பேரு வரும்.

"மனசு சரியில்ல"ன்னு யாரும் வந்து சொல்ல மாட்டாங்க. தலவலி, நெஞ்சு படபடங்குது, கைகால் மரத்துப் போகுது, சோறு எறங்கல, மாசமாசம் வர்றது நின்னு போச்சு, இப்படித்தான் சொல்லுவாங்க. டாக்டர்கிட்டயும் காட்டோணும், பஞ்சு தூசில உண்மையாவே நெஞ்சு கெட்டிருக்கும், எல்லாத்தையும் மனசுன்னு தள்ளிடாதீங்க. கோயில்ல மந்திரிச்சுக் கயிறு கட்டிட்டு வந்தா கட்டட்டும், அதோட மல்லுக்கட்டாதீங்க.

பேசிட்டு இருக்கும்போதே கண்ணு ஒரே எடத்துல நிலைகுத்தி நின்னுருச்சுன்னா பேச்ச நிறுத்துங்க. தொடாதீங்க. பேரச் சொல்லிக் கூப்புட்டு, இது எந்த ஊரு, இன்னைக்கு என்ன கெழமைன்னு மெதுவா சொல்லுங்க, காலத் தரைல அழுத்தச் சொல்லுங்க, கண்ணுல படற அஞ்சு சாமானப் பேர் சொல்லச் சொல்லுங்க. தெளிஞ்சதும் விட்ட எடத்துல இருந்து ஆரம்பிக்காம அன்னைக்கு அதோட முடிச்சுக்கோங்க.

அடுத்தது குத்த உணர்ச்சி, இங்கதான் ரொம்ப நாள் ஆகும். "நானாத்தானுங்க்கா போனேன், யாரு இழுத்துட்டுப் போனா"ம்பா. "உன் மேல தப்பில்ல"ன்னு நூறு தடவ சொன்னாலும் ஏறாது. ஆனா பாரதிய நியாய சன்ஹிதா (ஐபிசிக்குப் பதிலா வந்த தண்டனைச் சட்டம்) 143வது பிரிவுல, ஆசை காட்டி ஏமாத்திக் கூட்டிட்டுப் போய் சொரண்டுனா, அவ சம்மதிச்சாளா இல்லையாங்கறது கணக்குலயே வராதுன்னு எழுதியிருக்குது, அத எடுத்து வாசிச்சுக் காட்டுங்க. அதே மாதிரி சூளைக் குடும்பத்துல அப்பாகாரர் "வாங்குன அட்வான்ஸ அடைக்காம வந்துட்டனே"ன்னு கூனிக் குறுகிப் போய் உக்காந்திருப்பாரு, 1976 கொத்தடிமை ஒழிப்புச் சட்டத்துல அந்தக் கடனே செல்லாதுன்னு சொல்லி, ஆர்டிஓ குடுத்த விடுதலைச் சான்றிதழ அவரு கையில குடுத்து வெச்சுக்கச் சொல்லுங்க. சட்டம் பேசறது கவுன்சிலர் வேலையான்னு சிலர் கேப்பாங்க, என்னைக் கேட்டா இந்த எடத்துல அதுதான் மருந்து.

நடந்ததப் பேசறது எப்பன்னா, தூக்கம் ஓரளவு வந்து, பயம் வந்தா தானா தணிச்சுக்கத் தெரிஞ்சு, அவளே பேசோணும்னு சொல்றப்பத்தான். அதுக்குன்னு இருக்கற சிபிடி, இஎம்டிஆர்ங்கற மனநல சிகிச்சை முறையெல்லாம் முறையா ட்ரெயினிங் எடுத்தவங்க பண்றது, வீடியோ பாத்துட்டு நீங்க எறங்காதீங்க. சாகோணும்போல இருக்குதான்னு நேராவே கேளுங்க, கேட்டா எண்ணம் வந்துரும்ங்கறது சும்மா. ஆமான்னு சொன்னா தனியா விடாம அன்னைக்கே ஜிஎச்ல மனநல டாக்டர்கிட்ட கூட்டிட்டுப் போங்க, அரசோட மனநல உதவி போன் டெலிமானஸ் 14416 ராத்திரிலயும் எடுப்பாங்க.

ஒடிசா, ஜார்க்கண்ட் பக்கத்துப் பொண்ணுன்னா மொழிபெயர்க்க மேஸ்திரியையோ காண்ட்ராக்டரோட ஆளையோ, கூட வேலை செஞ்ச ஊர்க்காரனையோ கூப்புடவே கூடாது. புரோக்கர் பல நேரத்துல சொந்த ஊர்க்காரனாத்தான் இருக்கான். மொழி தெரிஞ்ச வேற ஆள் பக்கத்துல இல்லன்னா போன்ல வெளியாள் ஒருத்தர வெச்சுப் பேசுங்க, கொஞ்சம் இழுத்தாலும் பரவால்ல.

"யார்கிட்டயும் சொல்ல மாட்டேன்"னு சத்தியம் பண்ணிடாதீங்க. பதினெட்டு வயசுக்குக் கீழ, பாலியல் கொடுமைன்னா போக்சோல (குழந்தைகளைப் பாலியல் குற்றத்துல இருந்து காக்கற சட்டம்) புகார் சொல்லியே ஆகோணும், சொல்லாம விட்டா உங்க மேலயே கேஸ் வரும். இத அவ வாயத் தொறக்கறதுக்கு முன்னாடியே சொல்லிடோணும், கேட்டதுக்கப்புறம் சொன்னா இன்னொரு தடவ ஏமாத்துன மாதிரி ஆயிரும். கோர்ட்டுக்குப் போறதுன்னா சாட்சி என்ன சொல்லோணும்னு சொல்லித் தராதீங்க, ஆனா ரூம் எப்படி இருக்கும், யாரு எங்க உக்காருவாங்க, தண்ணி கேக்கலாம், புரியலைன்னா புரியலைன்னு சொல்லலாம், இதெல்லாம் சொல்லலாம்.

ஊட்டுக்கு அனுப்பறதுக்கு முன்னாடி ஊட்டுக்காரங்ககிட்ட தனியாப் பேசுங்க, "பேரு கெட்டுப்போச்சு, சீக்கிரம் ஒருத்தன் கையில புடிச்சுக் குடுத்துடறோம்"ம்பாங்க, புரோக்கர்கிட்ட அனுப்புனதே சித்தப்பனாவும் இருக்கலாம். அனுப்புனதுக்கப்புறம் கூப்புடறதுக்கு எந்த நம்பர், எந்த நேரம்ங்கறத அவளையே சொல்ல விடுங்க. வேற யாராச்சும் எடுத்தா தையல் கிளாஸ்ல இருந்து பேசறோம்னு சொல்றதா, என்ன சொல்றதுன்னு ரெண்டு பேரும் முன்னாடியே பேசி வெச்சுக்கோங்க. பொண்ணுங்களுக்கான உதவி போன் 181, குழந்தைகளுக்கான 1098 ரெண்டையும் துண்டுச் சீட்டுல எழுதித் தராம மனப்பாடமாச் சொல்ல வெச்சு அனுப்புங்க, சீட்ட எடுத்து யாராச்சும் பாத்துட்டா வம்பு.