ஸ்டோரேஜ் ஸ்விட்ச் மாற்றிய இரவு

கடலூர் மஞ்சக்குப்பத்தில் நான் பார்த்துக்கொள்ளும் அலுவலகத்தில் மூன்று ஈஎஸ்எக்ஸ்ஐ சர்வர்கள் (ஒரே இயந்திரத்தில் பல விர்ச்சுவல் மெஷின்களை, அதாவது மென்பொருளால் ஆன கணினிகளை, ஓட்டுபவை), ஒரு ஐஸ்கஸி ஸ்டோரேஜ் (நெட்வொர்க் வழியாக அவற்றுக்கு டிஸ்க் தருவது). நடுவில் இருந்த இரண்டு 1 ஜிகாபிட் ஸ்விட்சுகளையும் 10 ஜிகாபிட்டுக்கு மாற்ற வேண்டும். ஒவ்வொரு சர்வருக்கும் இரண்டு பாதைகள் இருந்ததால், விர்ச்சுவல் மெஷின்களை நிறுத்தாமல் ஒவ்வொன்றாக மாற்றலாம் என்று திட்டம்.

முதல் ஸ்விட்சை மாற்றினேன். பாதை வந்துவிட்டது, பிங்கும் (மறுமுனை பதில் தருகிறதா என்று பார்க்கும் சோதனை) சரியாகப் போய் வந்தது. ஆனால் பேக்கப் ஓடத் தொடங்கியதும் டிஸ்க் அப்படியே நின்றது. வயிற்றைக் கலக்கிவிட்டது. புதுக் கேபிளை உருவியதும் பழைய பாதையில் எல்லாம் மறுபடி ஓடியது.

காரணம் எம்டியூ, அதாவது ஒரு பாக்கெட் எவ்வளவு பெரிதாக இருக்கலாம் என்ற வரம்பு. சர்வரிலும் ஸ்டோரேஜிலும் 9000 பைட். புது ஸ்விட்சில் 1500. சின்ன பாக்கெட் போகும், பெரியது சத்தமில்லாமல் விழும். சாதாரண பிங் இதைக் காட்டவே காட்டாது. பாக்கெட்டை உடைக்கக் கூடாது என்று சொல்லி, பிங்கில் 8972 பைட் அனுப்பிப் பார்க்க வேண்டும். 9000-இல் பாக்கெட்டின் முன்னால் ஒட்டும் ஐபி ஹெடர் 20, பிங்குக்கான ஐசிஎம்பி ஹெடர் 8 கழித்தால் வருவது அது. ஸ்விட்சில் எம்டியூவை 9216 வைத்தேன், பெரிய பாக்கெட்டும் போனது.

இரண்டாவதை அன்றிரவு தொடவில்லை. ஒரு நாள் முழுக்க ஓடவிட்டு, மூன்று சர்வரிலும் இரண்டு பாதைகளும் உயிரோடு இருப்பதைப் பார்த்துவிட்டு, மறுநாள் இரவுதான் மாற்றினேன்.