தண்ணீர் வந்த வழியே நெல்லையில் ஒரு சாயங்காலம்

திருநெல்வேலிக்கு வருகிறவர்கள் பலரும் நேரே டவுனில் இறங்கி, அல்வாவுக்கு வரிசையில் நின்று, நெல்லையப்பரை அவசரமாகக் கும்பிட்டுவிட்டு பஸ் ஏறிவிடுகிறார்கள். எங்கள் வீட்டுக்கு வரும் சொந்தக்காரர்களை நான் அப்படி விடுவதில்லை. தாமிரபரணி ஆற்றில் தொடங்கி, கால்வாய், குளம், கோயில், கடைசியில் அல்வா. தண்ணீர் ஊருக்குள் வந்த வழியும் இதுதான். இந்த வரிசையில் பார்த்தால்தான் ஊர் பிடிபடும்.

முதலில் மாதத்தைச் சரியாகப் பாருங்கள். சித்திரை, வைகாசியில் கால்வாயில் பெரும்பாலும் தண்ணீர் இருக்காது. பாபநாசம் அணையில் போதிய தண்ணீர் இருந்தால் ஜூனில் கார் பருவ நெல் சாகுபடிக்குத் திறப்பார்கள். குற்றாலத்தில் சாரல் விழுகிற அந்த ஆனி, ஆடியில் சாயங்காலக் காற்று டவுன் வரை குளிர்ந்து வரும். என்னைக் கேட்டால் அதுதான் நல்ல நேரம். நெல்லையப்பர் ஆனித் தேரோட்டமும் அப்போதுதான். ஆனால் தேர் அன்றைக்கு ஊர் சுற்றிப் பார்க்க வராதீர்கள். தேர் இழுக்க வாருங்கள். ஆட்களே வடம் பிடித்து இழுக்கும் அவ்வளவு பெரிய தேர் ரத வீதி திரும்புவதைப் பார்க்க ஒரு நாள் முழுசாக வேண்டும். அடுத்த நெல் பருவமான பிசானத்துக்குத் தண்ணீர் ஓடும் மார்கழி, தையும் நன்றாக இருக்கும். மழை பலமாக இருக்கிறது என்று செய்தியில் சொன்னால் மட்டும் ஆற்றுப் பக்கம் வேண்டாம்.

நாலரை மணிக்கெல்லாம் குறுக்குத்துறையில் இருங்கள். டவுனிலிருந்து ஆட்டோவில் கொஞ்ச நேரம்தான். முருகன் கோயில் ஆற்றுக்குள்ளேயே, பாறையில் இருக்கிறது. வெள்ளம் வரும் பக்கத்துச் சுவரைக் கவனியுங்கள்: படகின் முனைபோல் கூராகக் கட்டியிருப்பார்கள். வருகிற தண்ணீர் மோதி நிற்காமல் இரண்டாகப் பிரிந்து போய்விடும். பெருவெள்ளம் வரும் என்று தெரிந்தால் உற்சவரைக் கரையில் உள்ள மேலக்கோயிலுக்குக் கொண்டுபோய்விடுவார்கள். 2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் பெய்த மழையில் இந்தக் கோயில் மூழ்கியது. ஜங்ஷன் பஸ் ஸ்டாண்டிலும் வெள்ளம் புகுந்தது. தண்ணீர் வடிந்ததும் கழுவிவிட்டுப் பூஜையைத் தொடங்கினார்கள். எந்த வெள்ளத்துக்குப் பிறகும் இங்கே அதுதான் வழக்கம்.

படித்துறையில் கால் நனைத்து உட்காருங்கள். சின்ன மீன்கள் விரலைக் கொத்த வரும். காலை அசைக்காமல் வைத்திருந்தால் குதிகால் வரை கூட்டம் கூடிவிடும். குழந்தைகள் இதற்கே ஒரு மணி நேரம் எடுத்துக்கொள்வார்கள், எடுத்துக்கொள்ளட்டும். ஆனால் பாறை வழுக்கும், சில இடத்தில் திடீரென்று ஆழம். அங்கே துணி துவைக்கும் ஆச்சியிடம் "ஆச்சி, இங்க இறங்கலாமா?" என்று கேட்டுவிட்டு இறங்குங்கள். ஷாம்பு பாக்கெட்டையும் பழைய துணியையும் ஆற்றில் விட்டுவிட்டு வராதீர்கள். தோஷம் போகிறதென்று துணியை விடுகிறவர்களை எனக்குப் பொறுக்கவே பொறுக்காது. குடிக்கிற தண்ணீர் அது.

ஆற்றின் அழகை மேலிருந்து பார்க்க வேண்டுமென்றால், ஜங்ஷனிலிருந்து பாளையங்கோட்டைக்குப் போகும் வழியில் சுலோசன முதலியார் பாலத்தில் நின்று பார்க்கலாம். கலெக்டர் அலுவலகத்தில் சிரஸ்தாராக, அதாவது தலைமை அலுவலராக, இருந்த அந்த முதலியார் சொந்தப் பணத்தைப் போட்டுக் கட்டிய பாலம். 1843இல் திறந்தது, பதினொரு வளைவுகள். அதற்கு முன்னால் பாளையங்கோட்டைக்காரர்கள் நெல்லைக்கு வர ஓடத்தைத்தான் நம்ப வேண்டும். வண்டி நெரிசல் அதிகம், நடைபாதையை விட்டு இறங்காதீர்கள்.

இனி கால்வாய். தாமிரபரணியில் வரிசையாக எட்டு அணைக்கட்டுகள் இருக்கின்றன. அரியநாயகிபுரத்தில் கோடகன் கால்வாய் பிரிகிறது. பழவூரில் பிரியும் பாளையங்கால்வாய் மேலப்பாளையம், பாளையங்கோட்டைப் பக்கம் போகிறது. சுத்தமல்லியில் பிரியும் நெல்லைக் கால்வாய்தான் பேட்டை வழியாக டவுனுக்குள் வருகிறது. எங்கப்பாவுக்குப் பேட்டையில் இந்தக் கால்வாய்ப் பாசனத்தில் கொஞ்சம் வயல் இருந்தது. மடை திறக்கிற அன்றைக்கு அவர் சட்டைகூடப் போடாமல் ஓடுவார்.

உண்மையைச் சொல்லிவிடுகிறேன்: டவுனுக்குள் கால்வாய் பார்க்க அழகாக இல்லை. வீட்டுக் கழிவும் பிளாஸ்டிக்கும் சேர்ந்து, ஆகாயத்தாமரை அடைத்து, சில இடத்தில் மூக்கைப் பொத்த வேண்டியிருக்கும். மதுரையிலிருந்து வந்த என் அக்கா மகள் பாலத்தில் நின்று, "சித்தி, இது சாக்கடையா?" என்று கேட்டாள். "இல்லட்டி, நீ காலையில பாத்தியே பேட்டை வயலு, அதுக்குப் பாயுத தண்ணிதான் இது" என்றேன். அதனால்தான் காலையிலோ மத்தியானமோ ஊருக்கு மேற்கே, பேட்டை தாண்டிக் கால்வாய்க் கரையில் கொஞ்ச தூரம் நடந்துவிட்டு வரச் சொல்கிறேன். அங்கே தெளிந்து ஓடுவதைப் பார்த்தவர்களுக்கு இங்கே கோபம் வரும். வரட்டும்.

இருட்டுவதற்குள் நயினார்குளம் கரைக்கு வந்துவிடுங்கள். கால்வாய்த் தண்ணீர் நிரப்பும் குளம் இது, டவுனை ஒட்டியே கிடக்கிறது. தண்ணீர் இருக்கும் மாதங்களில் நீர்க்காகம், நத்தைகுத்தி நாரை, சில சமயம் கூழைக்கடாவும் பார்க்கலாம். பக்கத்திலேயே மொத்தக் காய்கறி மார்க்கெட், லாரிகள் வந்துபோகும். பிள்ளைகளைக் கையில் பிடித்துக்கொள்ளுங்கள்.

அப்புறம் கோயில். வண்டியை ரத வீதிக்குள் கொண்டுவந்து மாட்டிக்கொள்ளாமல், ஆர்ச் பக்கமே விட்டுவிட்டு நடப்பது நல்லது. எட்டு மணிக்குள் உள்ளே போய்விடுங்கள். மணி மண்டபத்தில் ஒரே கல்லில் குடைந்த இசைத்தூண்களை வெறுமனே பாருங்கள், காசை வைத்துத் தட்ட வேண்டாம். தட்டித் தட்டியே தேய்ந்தவை. சுவாமி கோயிலையும் அம்மன் கோயிலையும் சேர்க்கும் சங்கிலி மண்டபத்தை 1647இல் வடமலையப்ப பிள்ளையன் கட்டினார். அதன் வழியே அவசரப்படாமல் நடங்கள். தாமிர சபையின் மர வேலைப்பாட்டையும் விட்டுவிடாதீர்கள். பிள்ளைகள் யானையைக் கேட்பார்கள். கோயில் யானை காந்திமதி 2025 ஜனவரியில் இறந்துவிட்டாள். எங்கள் தெருவில் பல வீடுகளில் அன்றைக்கு அடுப்பு மூட்டவில்லை.

வெளியே வந்தால் கீழ ரத வீதியில் இருட்டுக்கடை. சாயங்காலம்தான் திறப்பார்கள், சரக்கு தீர்ந்தால் மூடிவிடுவார்கள். அதனால் கூட வந்தவர்களில் கால் வலிக்கிறது என்று சொல்பவரை முன்கூட்டியே வரிசையில் நிறுத்திவிடுங்கள். வரிசை ரொம்ப நீளமென்றால் வருத்தப்படத் தேவையில்லை. டவுனிலும் ஜங்ஷனிலும் நல்ல அல்வா போடும் கடைகள் பல உண்டு. சம்பா கோதுமையை ஊறவைத்து, அரைத்துப் பால் எடுத்து, சர்க்கரையும் நெய்யும் சேர்த்துக் கிண்டுகிறார்கள். நெய் பிரிந்து மேலே வரும்வரை கை நிற்கக் கூடாது. சரியான பக்குவத்தில் இருப்பது விரலில் ஒட்டாது, வழுக்கிக்கொண்டு போகும், நெய் மட்டும் மணிக்கட்டு வரை வழியும். முதலில் நூறு கிராம் சூடாக வாங்கி அங்கேயே நின்று சாப்பிடுங்கள். "அண்ணாச்சி, கொஞ்சம் மிக்சரும் போடுங்க" என்று சேர்த்து வாங்கினால் திகட்டாது.

ஊருக்குக் கொண்டுபோகிற அல்வாவை ஃபிரிட்ஜில் வைக்காதீர்கள், நெய் உறைந்து கட்டியாகிவிடும். வெளியிலேயே இருக்கட்டும், ஈரக் கரண்டி போடாமல் எடுத்தால் சில நாள் தாங்கும்.