கையெழுத்துப் போடும் முன் ஓர் எழுத்தைப் பாருங்கள்

லண்டனுக்குப் புதிதாக வருபவர்கள் வீடு பார்க்கும்போது வாடகையைக் கேட்பார்கள், ஸ்டேஷன் எவ்வளவு தூரம் என்று கேட்பார்கள், அவ்வளவுதான். நானும் அப்படித்தான் ஈஸ்ட் ஹாமில் ஒரு பழைய வீட்டைப் பிடித்தேன். ஜனவரியில் பீரோவை நகர்த்தினால் பின்சுவர் முழுக்கக் கரும்பூசணம். ஊரிலிருந்து கொண்டுவந்த பட்டுப்புடவையிலும் புள்ளி புள்ளியாக.

நான் கேட்டிருக்க வேண்டியது இபிசி. வீடு எவ்வளவு சிக்கனமாகச் சூடாகும் என்று காட்டும் எரிசக்திச் சான்றிதழ் அது. ஏ முதல் ஜி வரை ஓர் எழுத்து தருவார்கள். ஏ என்றால் முதல் தரம். பத்து ஆண்டுகள் செல்லும். வீட்டுக்காரர் அதை இலவசமாகத் தரவேண்டும். ஆனால் அவர் தரட்டும் என்று காத்திருக்காதீர்கள். அரசு இணையதளத்தில் போஸ்ட்கோடைப் போட்டால் சான்றிதழ் தெரியும். வீடு பார்க்கப் போகும் பஸ்ஸிலேயே பார்த்துவிடலாம்.

எழுத்தோடு நிற்காமல் கீழேயும் படியுங்கள். சுவர், கூரை, ஜன்னல், ஹீட்டிங் என்று தனித்தனியாக மதிப்புப் போட்டிருக்கும். 1920க்கு முன் கட்டிய வீடுகளில் பெரும்பாலும் நடுவே இடைவெளி இல்லாத செங்கல் சுவர்தான், சூடு நிற்காது. பரணில் 270 மில்லிமீட்டர், அதாவது ஒரு சாணுக்குக் கொஞ்சம் மேல், பஞ்சு விரித்திருந்தால் நல்லது. என்னைக் கேட்டால், டி-க்குக் கீழே போகாதீர்கள். வாடகையில் மிச்சம் பிடித்ததை கேஸ் பில் தின்றுவிடும்.

இங்கிலாந்திலும் வேல்ஸிலும் 2020 ஏப்ரல் முதல் எஃப், ஜி வீடுகளைத் தனியார் வாடகைக்கு விடக்கூடாது. 3,500 பவுண்ட் வரை செலவழித்தும் இ-க்கு ஏறாவிட்டால் வீட்டுக்காரர் விதிவிலக்குப் பதிவு செய்துகொள்ளலாம். பதியாமல் வாடகைக்கு விட்டால் உள்ளூர் கவுன்சில் 5,000 பவுண்ட் வரை அபராதம் போட முடியும்.

சரி, பூசணத்துக்கான பழியெல்லாம் வீட்டுக்காரர் மேல் மட்டும் இல்லை. சோறு வடிக்கும் ஆவி, ரேடியேட்டரில் காயும் துணி, எல்லாம் குளிர்ந்த சுவரில்தான் போய் உட்காரும். சமைக்கும்போது எக்ஸாஸ்ட் ஃபேனைப் போடுங்கள். ஜன்னலுக்கு மேலே இருக்கும் சின்னக் காற்றுத்துளையை, குளிருகிறது என்று டேப் ஒட்டி அடைக்காதீர்கள். நான் அடைத்தேன்.

அப்புறம், சொந்த வீடு வாங்குபவர்களுக்கு ஒன்று: வீட்டைச் சூடாக்கும் கேஸ் பாய்லரை எடுத்துவிட்டு, வெளியிலுள்ள வெப்பத்தை மின்சாரத்தால் உள்ளே கொண்டுவரும் ஹீட் பம்ப் வைத்தால் இங்கிலாந்திலும் வேல்ஸிலும் 7,500 பவுண்ட் மானியம் உண்டு. விண்ணப்பிப்பது பொருத்துபவரின் வேலை. தொகையைப் பில்லிலேயே கழித்துவிடுவார். மானியம் வாங்கித்தர உங்களிடம் முன்பணம் கேட்டு யாராவது கதவைத் தட்டினால் திறக்காதீர்கள்.