தோல் பொருள்: தரம் பார்ப்பது எப்படி, நம் ஊர் ஈரக்காற்றில் காப்பாற்றுவது எப்படி

பெல்ட்டைத் திருப்பினால் பின்பக்கம் ‘ஜெனுயின் லெதர்’ என்று அச்சு குத்தியிருக்கும். அது தர முத்திரை அல்ல. ‘இது தோல், ரெக்சின் இல்லை’ என்பதற்கு மேல் அதில் ஒரு தகவலும் கிடையாது. ஃபுல் கிரெய்ன் முதல் தரம், டாப் கிரெய்ன் இரண்டாம் தரம், ஜெனுயின் மூன்றாம் தரம் என்று இணையத்தில் ஒரு பட்டியல் சுற்றுகிறது. அப்படி அதிகாரபூர்வமான வரிசை எதுவும் இல்லை. அச்சை விட்டுவிட்டுத் தோலையே பார்க்கப் பழக வேண்டும்.

பராமரிப்பிலும் இதே கதைதான். ‘மாதம் ஒருமுறை கண்டிஷனர் (தோலுக்கு எண்ணெய்ப்பசை ஊட்டும் கிரீம்) பூசுங்கள்’ என்பது ஹீட்டர் போட்ட அறையில் தோல் காய்ந்து வெடிக்கும் குளிர்நாட்டுக்குச் சரி. சென்னையிலும் நாகப்பட்டினத்திலும் தோலைக் கெடுப்பவை இரண்டு: ஈரம், அளவுக்கு மீறிய எண்ணெய்.

1. வெட்டு விளிம்பைப் பாருங்கள்

மாட்டுத் தோலில் முடி இருந்த மேல்பரப்புதான் கிரெய்ன். அங்கே நார்கள் மிக நெருக்கம். கீழே போகப் போக நார் தடிக்கும், இடைவெளி கூடும். தடித்த தோலை இயந்திரத்தில் கொடுத்து அடுக்காகப் பிளப்பார்கள்.

மேலடுக்கைத் தேய்க்காமல் அப்படியே விட்டால் ஃபுல் கிரெய்ன். மயிர்க்கால் துளைகளும் உண்ணி கடித்த தழும்புகளும் கண்ணுக்குத் தெரியும். மேல்பரப்பை உப்புத்தாள் போட்டுத் தேய்த்து, நிறப்பூச்சு கொடுத்து, செயற்கையாக வரிகளை அழுத்தியிருந்தால் கரெக்டட் கிரெய்ன். கடைகளில் டாப் கிரெய்ன் என்று சொல்வது பெரும்பாலும் இதைத்தான். கீழடுக்கு ஸ்பிளிட். வெல்வெட் மாதிரி மென்மயிர் எழுப்பிய சுவேட் அதிலிருந்து வருகிறது. பிளாஸ்டிக் படலம் ஒட்டி மேல்தோல் மாதிரி விற்பதும் உண்டு. தோல் தூளைப் பசையில் குழைத்துத் துணிமேல் பரப்பினால் பாண்டட். அதை நான் தோல் கணக்கில் சேர்ப்பதில்லை.

ஒரே மாதிரியான துளைகள் வரிசை பிசகாமல் திரும்பத் திரும்ப வந்தால் அது அச்சு. தழும்பைப் பார்த்து ஒதுக்காதீர்கள். நம் மாடுகள் வெளியில் மேய்பவை, முள்ளும் உண்ணியும் படும். அதை மறைக்கத்தான் இவ்வளவு தேய்ப்பு நடக்கிறது. சிறு தழும்போடு தேய்க்காத தோல் கிடைத்தால் அதையே எடுப்பேன்.

பெல்ட்டில் விளிம்புக்கு வண்ணம் பூசி மூடியிருப்பார்கள். எனவே பக்கிள் மாட்டும் துளையின் உட்சுவரைப் பாருங்கள். மேலும் கீழும் மெல்லிய தோல், நடுவில் அட்டை போலச் சாம்பல் நிறத்தில் ஒன்று இருந்தால் வாங்காமல் திருப்பி வைத்துவிடுங்கள். தினமும் பக்கிள் இழுக்கும் அந்த ஒரு துளை முதலில் நீளும், பிறகு கிழியும். பெல்ட்டுக்கு 3.5 முதல் 4 மி.மீ. தடிமனில் ஒற்றைத் தோல்தான் என் தேர்வு. பர்ஸுக்கு 1 முதல் 1.5 மி.மீ. போதும், ஆட்டுத் தோல் என்றால் இன்னும் மெல்லியதாக இருந்தாலும் தாங்கும்.

வெட்டின் நடுவில் வெளிர் நீலச் சாம்பல் தெரிந்தால் குரோம் (குரோமிய உப்பு) போட்டுப் பதனிட்டது. முழுக்கப் பழுப்பாக இருந்தால் பெரும்பாலும் தாவரப் பட்டையில் பதனிட்டது. ஆம்பூர், வாணியம்பாடி, ராணிப்பேட்டை ஷூ தோல் பெரும்பாலும் முதல் வகை. ஆவாரம்பட்டை, கடுக்காய் போட்டுப் பதனிடும் ஈ.ஐ. (ஈஸ்ட் இந்தியா) தோல் இரண்டாம் வகை. திண்டுக்கல், திருச்சி, ஈரோடு அதற்குப் பேர்போன ஊர்கள். குரோம் லெதர் கம்பெனி இருந்ததால்தான் குரோம்பேட்டைக்கு அந்தப் பெயரே வந்தது. இந்த வேறுபாடு மழையில் நனையும்போது தேவைப்படும்.

2. மடித்துப் பாருங்கள்

மேல்பரப்பு உள்பக்கம் வரும்படி லேசாக மடியுங்கள். மெல்லிய மயிரிழைச் சுருக்கங்கள் விழுந்து, விட்டதும் மறைந்தால் நார் நெருக்கமாக இருக்கிறது. மேல்தோல் தனியாகக் கழன்று நிற்பதுபோலத் தடித்த மடிப்பு விழுந்தால் அது வயிற்றுப்பகுதி, அல்லது பதனிடுதலில் கோளாறு. ஃபுல் கிரெய்னிலும் இது வரும். முதுகுப் பகுதியின் தேய்த்த தோல், வயிற்றுப் பகுதியின் ஃபுல் கிரெய்னைவிடப் பல ஆண்டு கூடுதலாக உழைக்கும். பட்டியல்கள் இதைச் சொல்வதே இல்லை.

3. ஒரு சொட்டுத் தண்ணீர்

மறைவான இடத்தில் ஒரு சொட்டு வைத்து இரண்டு நிமிடம் பாருங்கள். உறிஞ்சிக் கருத்தால் அனிலின், அதாவது சாயம் மட்டும் ஏற்றி மேலே பூச்சு இல்லாத தோல். முத்தாக நின்றால் நிறப்பூச்சு உள்ளது. பராமரிப்பைத் தீர்மானிப்பது இந்தச் சொட்டுதான், கிரெய்ன் பெயர் அல்ல. பூச்சுள்ள தோலுக்குள் கண்டிஷனர் சுலபத்தில் இறங்காது, மேலே பிசுபிசுத்துத் தூசியை இழுக்கும். அதற்கு ஈரத்துணித் துடைப்பே பெரும்பாலும் போதும். கீழே எண்ணெய் பற்றிச் சொல்வது உறிஞ்சும் தோலுக்கு.

4. துடைப்பு

முதலில் குதிரைமயிர் பிரஷ். நைலான் வேண்டாம், கீறும். பிறகு பிழிந்த பருத்தித் துணி. குளியல் சோப்பும் பாத்திர சோப்பும் தொடக்கூடாது: தோலின் பி.எச். (அமில-கார அளவு) 3.5 முதல் 5 வரை, சோப்பு 9 முதல் 10. அந்தக் காரம் பதனிட்ட பிணைப்பைத் தளர்த்தும். பஞ்சு மூடி வைத்த திரவப் பாலிஷையும் நான் தவிர்ப்பேன். அது விடும் படலம் மடிப்பில் வெடிக்கும், அடியில் தோல் மூச்சுமுட்டும். டப்பாவில் வரும் மெழுகுப் பாலிஷ் பளபளப்புக்கு நல்லது, ஆனால் கண்டிஷனர் வேலையை அது செய்யாது.

5. எண்ணெய்: இங்கேதான் பெரும்பாலோர் தடுக்குவது

வீட்டில் இருக்கிறதே என்று தேங்காய் எண்ணெய் பூசுகிறார்கள். முதல் நாள் பார்க்க அருமையாக இருக்கும். ஆனால் அது ஏறக்குறைய 24 டிகிரியில் உறையும் எண்ணெய். வெயில் காலத்தில் உள்ளே ஊடுருவிப் பரவும். ஒட்டுப் போட்ட இடங்களில் பசை இளகும். ஊட்டிக்கோ பெங்களூருக்கோ எடுத்துப் போனால், மார்கழிக் குளிரில் மேலே வெள்ளையாகப் பூக்கும். நல்லெண்ணெய் காற்றில் மெல்ல மெல்லப் பிசினாகும்.

வாங்குவதென்றால் மிங்க் எண்ணெய் கலந்த சஃபீர் ரெனோவேட்டர் மாதிரி கிரீம் வாங்குங்கள். செய்வதென்றால் 60 மி.லி. நீட்ஸ்ஃபுட் எண்ணெய் (மாட்டுக் கால் எலும்பிலிருந்து எடுப்பது), 20 கிராம் தேன்மெழுகு. கொதிநீர்ப் பாத்திரத்துக்குள் சிறு பாத்திரம் வைத்து உருக்குங்கள், நேரடித் தீ வேண்டாம். மெழுகு 65 டிகிரிக்குள் உருகிவிடும். ஆறினால் களிம்பாகும். ஒரு ஷூவுக்குப் பட்டாணி அளவு. விரலில் எடுத்துத் தேய்த்து, இருபது நிமிடம் விட்டு, மீதியைத் துடைத்து எடுத்துவிடுங்கள். நிறம் சற்றுக் கருக்கும், முதலில் ஒரு மூலையில் பார்த்துக்கொள்ளுங்கள். கடற்கரை ஊர்களில் ஆண்டுக்கு இரண்டு முறை போதும்: பங்குனியில் ஒன்று, மழை முடிந்து தையில் ஒன்று. ஐப்பசியில் வேண்டாம். அந்த மாதம் பூசும் கொழுப்பு ஈரத்தோடு சேர்ந்து பூஞ்சைக்கு உணவாகும்.

சுவேட், நுபக் (மேல்பரப்பை லேசாகத் தேய்த்து மென்மயிர் எழுப்பிய தோல்) இரண்டுக்கும் எண்ணெயே ஆகாது. பிரஷும் ரப்பரும்தான்.

6. வெள்ளை பூத்தால்: பூஞ்சையா, கொழுப்பா?

அலமாரியைத் திறந்தால் பை முழுக்க வெள்ளை. உடனே மருந்து போடாதீர்கள். ஹேர் டிரையரை ஒரு முழம் தள்ளிப் பிடித்து, குறைந்த சூட்டில் பத்து நொடி காட்டுங்கள். வெள்ளை உருகி மறைந்தால் அது தோலுக்குள்ளிருந்து வெளியே வந்த கொழுப்பு. துணியால் துடைத்தால் முடிந்தது. மறையாமல் பஞ்சு போல நின்று, மண்வாசனையும் அடித்தால் பூஞ்சை.

பூஞ்சை என்றால் பொருளை வெளியே கொண்டுபோங்கள். அலமாரிக்குள் வைத்துத் துடைத்தால் வித்துகள் பக்கத்துப் பைக்குப் பரவும். முகக்கவசம் போட்டு, உலர்ந்த துணியால் எடுத்து, அந்தத் துணியை வீசிவிடுங்கள். மருந்துக்கடையில் கிடைக்கும் 70% ஐசோபுரோப்பைல் ஆல்கஹாலும் தண்ணீரும் சமஅளவு. துணியை நனைத்துத் துடையுங்கள், தோல்மேல் ஊற்றாதீர்கள். சாயம் கிளம்புகிறதா என்று மறைவான இடத்தில் பார்ப்பது கட்டாயம். கைகழுவும் சானிடைசர் இதற்கு உதவாது. பலவற்றில் கிளிசரின் இருக்கிறது, அது ஈரத்தை இழுத்துப் பிடிக்கும். பிறகு மின்விசிறிக் காற்றில் ஒரு நாள். அலமாரிப் பலகையையும் துடைக்காவிட்டால் ஒரு வாரத்தில் திரும்ப வரும்.

7. வைக்கும் இடம்

காற்றின் ஈரப்பதம் 65 சதவீதத்துக்கு மேல் நாள்கணக்கில் நின்றால் பூஞ்சைக்கு அதுவே போதும். பிளாஸ்டிக் உறை வேண்டவே வேண்டாம், பழைய பருத்தி வேட்டித் துணியில் பை தைத்துப் போடுங்கள். உள்ளே நிரப்ப வெள்ளைத்தாள். செய்தித்தாள் மை வெளிர் நிறத் தோலில் ஒட்டும். பாச்சை உருண்டை பூஞ்சையைத் தடுக்காது.

சிலிக்கா ஜெல் திறந்த அலமாரியில் வீண். மூடி இறுகும் பெட்டிக்குள், பொருள் முழுக்க உலர்ந்த பிறகு, 50 கிராம் வையுங்கள். ஆரஞ்சு நிற வகை வாங்குங்கள். நீலத்தில் கோபால்ட் உப்பு உண்டு. நிறம் மாறினால், சமையலுக்கு எடுக்காத பழைய வாணலியில் சிறுதீயில் வைத்து, பழைய நிறம் திரும்பும்வரை காயவைத்தால் மறுபடி உழைக்கும்.

பின்சேர்க்கை

நனைந்த ஷூவை அடுப்போரம் வைக்கலாமா என்று சிலர் கேட்டிருந்தார்கள். கூடாது. பட்டையில் பதனிட்ட தோல் ஈரமாக இருக்கும்போது 70, 80 டிகிரியிலேயே சுருங்கி இறுகும். அப்புறம் எந்த எண்ணெயும் அதை மீட்காது. குரோம் தோல் அதைவிடத் தாங்கும், ஆனால் ஷூவின் அடிப்பாகத்தை ஒட்டிய பசை தாங்காது. உள்ளே தாள் அடைத்து, இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை மாற்றி, நிழலில் பக்கவாட்டில் சாய்த்து வையுங்கள். முழுக்கக் காய ஒன்றிரண்டு நாள் ஆகும்.

சோபா மேல்தோல் செதில் செதிலாக உரிகிறது, எந்தக் கண்டிஷனர் பூசலாம் என்பது அடுத்த கேள்வி. உரிந்த இடத்தின் அடியில் துணி தெரிந்தால் அது பி.யு. (பாலியூரித்தேன் பூசிய செயற்கைத் தோல்) அல்லது பாண்டட். காற்றின் ஈரமே அந்தப் படலத்தைச் சிதைக்கிறது. கண்டிஷனர் அதை நிறுத்தாது; அந்தப் பணத்தை உறை மாற்றுவதற்கு வைத்துக்கொள்ளுங்கள்.