ஐந்தரை மணித் தாரும் அப்புவின் பாதமும்

சிங்கப்பூரின் ஈசூனில் வீவக (அரசு அடுக்குமாடி) வீடு. என் நாய் அப்பு ஷிட்சூ இனம், சப்பை மூக்கு. வெயில் தாழ்ந்துவிட்டதென்று மாலை ஐந்தரைக்கு நடக்கக் கூட்டிப்போவேன். போன மே மாதம் கார்நிறுத்துமிடத்துத் தாரில் பொத்தென்று உட்கார்ந்துவிட்டான். நாக்கு கருஞ்சிவப்பு, விடாத இரைப்பு. புளோக்கின் கீழ்த்தளத்துக்குத் தூக்கி ஓடி, வயிற்றிலும் தொடையிடுக்கிலும் குழாய்த் தண்ணீர் ஊற்றிவிட்டு டாக்சி பிடித்தேன். மருத்துவர் சொன்னது: நாய் மூச்சிரைத்துத்தான் சூடு தணிக்கும், ஈரக்காற்றில் அதுவும் சரியாக நடக்காது, சப்பை மூக்கென்றால் கேட்கவே வேண்டாம்.

இப்போது புறங்கையைத் தாரில் 7 விநாடி வைத்துப் பார்ப்பேன். சுட்டால் வீட்டுக்குத் திரும்பிவிடுவோம். காலை ஏழுக்குள், இல்லையேல் இரவு எட்டுக்குமேல்தான் நடை.

மழையில் நனைந்து வந்தால் விரலிடுக்கைத் துடைத்து, மின்விசிறிமுன் உட்காரவைப்பேன். பாதத்தை நக்கிக்கொண்டே இருந்த பழக்கம் அதில்தான் நின்றது. குட்டிக் காலணி? வாங்கினேன். வாசலைத் தாண்டுமுன் உதறிவிட்டான்.