இடையிலிருந்து எண்ணப் பழக்குவது எப்படி?
1 முதல் 20 வரை தடையின்றிச் சொல்லும் நான்கைந்து வயதுக் குழந்தையிடம் ‘ஆறிலிருந்து மேலே எண்ணு’ என்றால், அது மறுபடியும் ஒன்றிலிருந்தே தொடங்குவதைப் பார்க்கலாம். வரிசையைப் பாட்டைப் போல மனப்பாடம் செய்திருப்பதே காரணம். எந்த எண்ணிலிருந்தும் முன்னோக்கி எண்ணப் பழகினால்தான் பின்னாளில் கூட்டல் எளிதாகும்.

குன்னூர், கோத்தகிரி போன்ற சரிவான ஊர்களில் பல வீடுகளுக்குப் படியேறித்தான் போக வேண்டும் என்பதால், அந்தப் படிகளையே பயன்படுத்துங்கள். குழந்தையை நான்காம் படியில் நிறுத்தி, அங்கிருந்து எண்ணிக்கொண்டே ஏறச் சொல்லுங்கள். அடுத்த படியில் ‘ஐந்து’ என்று சொல்ல வேண்டிய இடத்தில் பல குழந்தைகள் மீண்டும் ‘நான்கு’ என்றே தொடங்கும். அதட்டாமல், நீங்களும் உடன் ஏறி எண்ணிக் காட்டினால் போதும்.

மழை நாட்களில், ஐந்து கேரட்டுகளைக் குழந்தையின் கண்முன்னே எண்ணிக் கூடையில் இட்டுத் துணியால் மூடிவிட்டு, மேலும் மூன்றை ஒவ்வொன்றாகப் போட்டு ‘ஆறு, ஏழு, எட்டு’ என எண்ணச் செய்யுங்கள். மூடியிருப்பவற்றைத் தொட்டு எண்ண வழியில்லாததால், ஐந்தை ஒரே தொகையாக மனத்தில் வைத்துக்கொள்ளும் பழக்கம் வருகிறது. அச்சிட்ட பயிற்சித் தாள்களைவிட இதுவே மேல் என்பது என் கருத்து.

உதகையிலிருந்து மசினகுடிக்குச் செல்லும் கல்லட்டிப் பாதையில் 36 கொண்டை ஊசி வளைவுகள் உள்ளன. அவ்வழியே போக நேர்ந்தால் (பயணத்தில் குமட்டல் வராத குழந்தையாக இருந்தால்), இருபத்தைந்து வரை நீங்கள் எண்ணிவிட்டு மீதியைக் குழந்தையிடம் விடுங்கள். இருபத்தொன்பதிலிருந்து முப்பதுக்குத் தாண்டும் இடத்தில் மட்டும் சற்று உதவி தேவைப்படலாம்.