நவக்கிரக யாத்திரைக் குழுக்களைப் பிடிப்பது எப்படி? கும்பகோணம் லாட்ஜ்காரர்களுக்குச் சில கணக்குகள்

தனியாக வரும் பக்தர் ஒரு முறை தங்கிவிட்டுப் போவார். 42 பேரைப் பஸ்ஸில் அழைத்துவரும் யாத்திரை ஏற்பாட்டாளருக்கு உங்களைப் பிடித்துவிட்டால் வருஷத்துக்கு மூன்று நான்கு நடை வருவார். வாடகையில் ஐம்பது ரூபாய் குறைக்கச் சொல்லிப் பேரம் பேசுவார்தான். ஆனால் அவருக்கு உண்மையான கவலை காலை ஆறு மணிக்குப் பஸ் கிளம்புமா என்பது.

இந்தத் தலங்களில் பெரும்பாலானவை மதியம் 12, 12.30 வாக்கில் நடை சாத்தி 4 மணிக்குத்தான் திறக்கும். திங்களூர், ஆலங்குடி, திருநாகேஸ்வரம், சூரியனார்கோயில், கஞ்சனூர் ஒரு நாள், வைத்தீஸ்வரன் கோயில், திருவெண்காடு, கீழப்பெரும்பள்ளம், திருநள்ளாறு மறுநாள் என்று திட்டம் போட்டிருப்பார். காலையில் முக்கால் மணி நேரம் பிந்தினால் ஒரு கோயில் சாயங்காலத்துக்குத் தள்ளிப்போகும், அங்கிருந்து எல்லாம் சரியும். திட்டு விழுவது அவருக்கு. அதற்குக் காரணம் உங்கள் லாட்ஜ் என்றால் அடுத்த முறை வேறு லாட்ஜ்.

பஸ்ஸைப் பிந்தவைப்பது பெரும்பாலும் வெந்நீர். அறைக்கு மூன்று பேர், 14 அறை என்று வையுங்கள். 15 லிட்டர், 2 கிலோவாட் கீசர் ஒரு தடவை நன்றாகச் சுட கால் மணி நேரத்துக்கு மேல் எடுக்கும். 4.30-க்கு எல்லோரும் எழுந்து ஸ்விட்ச் போட்டால் மூன்றாவது ஆள் குளித்துவர ஐந்தரை தாண்டிவிடும். அதைவிட மோசம், 14 கீசரும் சேர்ந்து 28 கிலோவாட் இழுக்கும். லாட்ஜின் இணைப்பு அவ்வளவு தாங்காது, டிரிப் ஆகி மாடி முழுக்க இருட்டு. ஜெனரேட்டரும் கீசரைத் தூக்காது. வழி சுலபம்: கீசர் லைன்களை மாடிவாரியாகப் பிரித்து, இரவுப் பணியாள் 3.30-க்கு மேல்மாடி, 4 மணிக்கு நடுமாடி, 4.30-க்குக் கீழ்த்தளம் என்று போடட்டும். சுட்டதும் கீசர் தானாக நிற்கும் என்பதால் லோடு ஒன்றின்மேல் ஒன்று ஏறாது. கொல்லையில் ஒரு விறகு பாய்லரும் நான்கு வாளியும் இருந்தால் மின்தடை அன்றும் மானம் காக்கும். இந்த ஏற்பாட்டை ஏற்பாட்டாளரிடம் முன்கூட்டியே சொல்லுங்கள். எந்த லாட்ஜும் சொல்லாத விஷயம் இது, விலைக் குறைப்பைவிட நன்றாக விற்கும்.

அவர் விலை கேட்டு வாட்ஸ்அப் அனுப்பினால் ஒரு மணி நேரத்துக்குள் பதில் போகட்டும். “ரூம் இருக்கு, வாங்க சார்” என்பது பதில் இல்லை. இப்படி எழுதுங்கள்: “ஜூலை 25 பகல் 12 மணி முதல் 27 பகல் 12 மணி வரை. மூவர் அறை 14. ஓர் இரவுக்கு அறை ஒன்றுக்கு இவ்வளவு, ஜிஎஸ்டி உட்பட. 20 பேருக்கு ஒருவர் இலவசம். டிரைவர், கிளீனருக்குத் தனி அறை, கட்டணமில்லை. பஸ் உள்ளேயே நிற்கலாம். முன்பணம் கால் பங்கு, வரும் தேதிக்கு முந்தைய 10 நாளுக்குள் ரத்து செய்தால் திரும்பாது.” சண்டை அதிகம் வரும் இடம் வாடகை நேரம்தான். 24 மணி நேரக் கணக்கா, பகல் 12 கணக்கா என்று எழுதாமல் விட்டால் கடைசி நாள் கவுன்டரில் குரல் உயரும்.

சென்னையிலிருந்து உழவன் எக்ஸ்பிரஸில் வரும் குழு விடியுமுன் இறங்கும். அவர்களுக்கு முழு நாள் வாடகை கேட்டால் ஓடிவிடுவார்கள். குளித்து உடைமாற்ற மட்டும் நான்கு அறை, தலைக்கு ஒரு கட்டணம் என்று கொடுங்கள். பகலில் சும்மா கிடக்கும் அறைக்கு அது உபரி வரவு.

இரண்டு நாள் முன்னதாக அறைப் பட்டியல் கேட்டு வாங்குங்கள்: யார் யாரோடு, யாருக்கு முட்டிவலி, யாருக்கு வெஸ்டர்ன் டாய்லெட், அடையாள அட்டைப் படம். யாத்திரையில் பாதிப் பேர் அறுபதைத் தாண்டியவர்கள். கீழ்த்தள அறைகளை இளசுகளுக்குக் கொடுத்துவிட்டு, இரவு 11 மணிக்குப் பாட்டிகளோடு லக்கேஜை இடம் மாற்றுவது நிறைய இடங்களில் நடக்கும் கூத்து.

பல குழுக்கள் சமையல்காரரையும் பாத்திரத்தையும் கூடவே கொண்டுவரும். புகை, எண்ணெய் என்று பயந்து மறுப்பவர்கள் அதிகம். பின்புறம் தகரக் கொட்டகை, தண்ணீர்க் குழாய், பாத்திரம் கழுவ ஒரு மேடை இருந்தால் நாள் வாடகைக்குக் கொடுங்கள், அறைக்குள் அடுப்பு கூடாது என்ற ஒரே நிபந்தனையோடு. சமையல்காரர் இல்லாத குழு என்றால் முதல் நாள் மதியச் சாப்பாட்டை நீங்களே பிடிக்கலாம். 12.30-லிருந்து 4 வரை அவர்களுக்குப் போக்கிடம் இல்லை. பந்தி, பிறகு ஒரு குட்டித் தூக்கம். கட்டுச்சோறு கேட்டால் தயிர் சாதத்தைப் பாலில் பிசைந்து உறைக்குக் கொஞ்சம் தயிர் மட்டும் விடுங்கள், இல்லாவிட்டால் மதியத்துக்குள் புளித்துவிடும்.

எப்போது விற்பது? தை, வைகாசி, ஆவணியில் கல்யாண வீட்டார் அறைகளைத் தாமாகவே நிரப்புவார்கள். குழுக்களுக்கான நல்ல விலையை முகூர்த்தம் இல்லாத ஆடி, புரட்டாசி, மார்கழிக்கு வையுங்கள். புரட்டாசியில் உப்பிலியப்பன், சாரங்கபாணி, நாச்சியார்கோயில், திருச்சேறை என்று பெருமாள் கோயில் சுற்று கேட்பார்கள். அந்த வழியும் தூரமும் உங்கள் வரவேற்பாளருக்கு மனப்பாடமாக இருக்க வேண்டும். குரு, சனிப் பெயர்ச்சி நாட்களுக்கு மட்டும் பழைய விலையை வாய்வார்த்தையாக ஒப்புக்கொள்ளாதீர்கள். 2028 மகாமகத்துக்கும் அப்படியே.

கமிஷன் கொடுப்பதானால் பில்லில் தெரியும்படி தள்ளுபடியாகக் கொடுங்கள். மறைத்துக் கொடுத்தது என்றாவது ஒரு நாள் பஸ்ஸுக்குள் தெரியவரும், ஏற்பாட்டாளர் பெயரோடு உங்கள் பெயரும் கெடும். டிரைவருக்கு ஒழுங்கான கட்டில், ஃபேன், சூடான டிபன் கிடைத்தால் அடுத்த குழுவிடம் உங்கள் லாட்ஜைச் சொல்வது அவர்தான்.

குழு ஊர் திரும்பிய மூன்றாம் நாள் போன் போடுங்கள். “எல்லாம் நல்லா இருந்துச்சா?” என்று கேட்டால் “நல்லா இருந்துச்சு” என்ற பதிலோடு முடிந்துவிடும். எந்த அறையில் யார் என்ன குறை சொன்னார்கள், அடுத்த யாத்திரை எந்த மாதம் என்று கேட்டு, குழுவுக்கு ஒரு பக்கம் வீதம் நோட்டில் எழுதுங்கள். அந்த மாதத்துக்கு மூன்று மாதம் முன்பே மறுபடி அழையுங்கள். அவர் நோட்டீஸ் அடிக்கும்போது “தங்குமிடம்” என்ற இடத்தில் உங்கள் லாட்ஜ் பெயர் ஏற வேண்டுமானால் அச்சகத்துக்குப் போவதற்கு முன்னால் பேசியாக வேண்டும்.